குழம்பியுள்ளது

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளின் குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ‘குரங்கின் இன்னொரு பெயர்’ என்று குறிப்பு இருக்கும். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘குழம்பியுள்ளது’ என்று போட்டிருக்கும். விடை வானரம். ஆனால் கட்டத்தில் வானரம் என்று எழுதினால் பிழை. அந்த நான்கு எழுத்தும் வேறு ஏதோ வரிசையில் அங்கே கிடக்கின்றன. என்ன வரிசை என்பதைக் குறுக்கே வரும் சொற்கள்தான் காட்டித்தர வேண்டும். ‘திரும்பியுள்ளது’ என்றால் வலமிருந்து இடமாகவோ கீழிருந்து மேலாகவோ எழுத வேண்டும். ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ஊறியவர் இதைப் பார்த்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். அவர்களுடைய கடினமான புதிர்களில் குறிப்புத்தான் குழம்பியிருக்கும், விடை நேராக நிற்கும். நம்முடையதில் குறிப்பு நேராக நிற்கும், விடை குழம்பிக் கிடக்கும்.

இதைப் போட்டி தயாரிப்பவரின் சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆங்கிலத்துக்கு எழுத்து 26. எந்த எழுத்தும் ஏறக்குறைய எந்த இடத்திலும் வரும். ஒரு சொல்லின் கடைசியை இன்னொரு சொல்லின் தலையோடு கோப்பது அவர்களுக்குப் பெரிய பாடில்லை. நமக்கு 247. அதில் மெய்யெழுத்து எதுவும் சொல்லின் முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றுக்கும் தொல்காப்பியத்திலேயே கதவடைப்பு. வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது. ஒரு ‘ட்’ விழுந்த கட்டத்தில் இன்னொரு சொல் குறுக்கிட வேண்டுமென்றால், அந்தச் சொல்லின் நடுவிலும் ஒரு ‘ட்’ இருந்தாக வேண்டும். அதனால் கறுப்புக் கட்டங்கள் பெருகுகின்றன. சொல்லும் சொல்லும் தொட்டுக்கொள்ளும் இடங்கள் குறைகின்றன. தயாரிப்பவர் எங்கேயாவது ஒரு மூலையில் மாட்டிக்கொள்வார். அப்போது அவருக்குக் கைகொடுப்பது குழப்பம்தான். குழப்பிவிட்டால் ‘ம்’ கூட முதற்கட்டத்தில் ஏறி நிற்கும். தொல்காப்பியராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த விளையாட்டின் பிறப்பு தெளிவாகப் பதிவானது. 1913 டிசம்பர் 21 ஞாயிற்றுக்கிழமை, நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையின் வேடிக்கைப் பக்கத்தை நிரப்புவதற்காக லிவர்பூல்காரரான ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் ஒரு கட்டம் போட்டார். பத்தாண்டு கழிந்ததும் அமெரிக்கா முழுக்க அதற்குப் பைத்தியமானது. லண்டன் டைம்ஸ் முதலில் அதைக் கேலி செய்துவிட்டு, பிறகு 1930 பெப்ரவரி முதலாம் திகதி தானும் ஒன்று போட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில்தான் கொழும்பில் வீரகேசரி பிறந்தது. ஆங்கிலப் பாணியில் குறிப்பையே பூட்டாக்கும் புதிரைத் தமிழில் செய்ய முடியாது என்று வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். கலிபோர்னியாவிலிருந்து வந்த ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அதைச் செய்து காட்டினார். அவருடைய புதிர்கள் அழகானவை, நன்றாக இருக்கும் மூளைக்கு. நான் சொல்ல வந்தது நன்றாக இல்லாத மூளையைப் பற்றி.

எனக்குச் சிக்குன்குன்யா வந்தது. 2006இன் கடைசியில் இந்த நாட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் போன வைரஸ், 2025இன் தொடக்கத்தில் கொழும்பு, கம்பஹா, கண்டி மாவட்டங்களில் மறுபடி தலைகாட்டியது. கண்டிக்கும் நான் இருக்கும் மாத்தளைக்கும் நடுவே எத்தனை பஸ் ஓடுகிறது! நுளம்புக்கு டிக்கெட்டும் தேவையில்லை. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிட்டது. விடாதது மூட்டு வலி. அது வாரக்கணக்கிலும் இருக்கலாம், மாதக்கணக்கிலும் இருக்கலாம், சிலருக்கு வருடக்கணக்கிலும் இழுக்கலாம் என்பது வைத்தியப் புத்தகங்களில் உள்ளதுதான். தனி மருந்து எதுவும் கிடையாது. பனடோல், தண்ணீர், ஓய்வு, அவ்வளவுதான்.

விடியற்காலையில் கையை மூடினால் முஷ்டி ஆகாது. பனடோல் அட்டையில் ஒரு வில்லையைப் பிதுக்கி எடுப்பதற்குள் அழுகை வரும். காஸ் அடுப்பின் குமிழைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். பத்து மணியானால் விரல்கள் கொஞ்சம் இளகும். பின்னேரம் கணுக்கால் தொடங்கும். வீட்டுக்கு வருபவர்களுக்கோ நான் சுகமாகிவிட்டவள். தெர்மாமீட்டரில் ஒன்றுமில்லை, முகத்தில் வாட்டமில்லை, பேச்சிலும் குறையில்லை. நோயாளிக்குரிய மரியாதை காய்ச்சலோடு போய்விட்டது, சுகதேகிக்குரிய வலு இன்னும் வந்து சேரவில்லை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் நீண்ட நோய்க்காரர்கள் எல்லோரும் குடியிருக்கிறார்கள். நாட்பட்ட சலரோகக்காரர், வாதக்காரர், எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் அடிபட்டவர். 2008இல் அந்த எலிக்காய்ச்சல் நாட்டைத் தாக்கியபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. வயலில் இறங்கியவர்கள் கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்குப் போனது இங்கே பலருக்கு நினைவிருக்கும். இறந்தவர்களைத்தான் பத்திரிகைகள் எண்ணின. தப்பியவர்கள் மறுபடி மண்வெட்டி பிடிக்க எவ்வளவு காலம் சென்றது என்பதை யாரும் எண்ணவில்லை.

மாத்தளையில் வைத்தியம் சொல்லாத வாய் இல்லை. கொத்தமல்லி அவித்துக் குடி என்றார்கள். மரமஞ்சள் சேர்த்துக் குடி என்றார்கள். சமஹன் பைக்கற்றுகள் மேசையில் குவிந்தன. வீடு முழுக்கச் சித்தாலேப வாசம். பலாபத்வலைப் பக்கம் ஸ்பைஸ் கார்டன்களில் வெள்ளைக்காரருக்கு விற்கும் எண்ணெயில் ஒரு போத்தலை ஒரு பழைய மாணவன் கொண்டுவந்து வைத்துவிட்டு, “டீச்சர், இது ஏற்றுமதித் தரம்” என்றான். தடவினேன். மணம் நன்றாக இருந்தது.

அதிகம் சங்கடப்படுத்தியது பொழுதுதான். சும்மா இரு என்பது சொல்வதற்கு எளிது. நாவல் எடுத்தால் இருபது பக்கத்துக்கு முன்னால் அறிமுகமானவனை மறந்திருப்பேன், நாவல் என்னைவிட்டு முன்னே போய்விடும். தொலைக்காட்சி நாடகத்தில் எல்லோரும் கத்துகிறார்கள். ஊசியில் நூல் கோக்க முடியாது. வானொலி கொஞ்சம் துணையிருந்தது. பழைய பாட்டு வந்தால் பி.எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ நினைவில், கடைசி எழுத்தைப் பிடித்து அடுத்த பாட்டை மனத்துக்குள் தேடிக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டில் மிளகு பறித்திருந்தார்கள். காம்பிலிருந்து மணியை உதிர்க்க ஒரு சுளகில் எனக்கும் பங்கு வந்தது. சாதிக்காய்க் காலமென்றால் கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவப்புப் பூவைக் கிழியாமல் பிரித்தெடுக்க வேண்டும். விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சியை எந்த பிசியோதெரபிஸ்டும் தந்துவிட முடியாது. ஆனால் இந்த மாவட்டத்தில் யாரும் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல மாட்டார்கள். அது பெண்டுகள் வேலை. பொழுதுபோக்கு என்று பெயர் வாங்க ஒரு காரியம் வீட்டுக்கு ஒரு சதத்துக்கும் உதவாததாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

அந்தத் தகுதி குறுக்கெழுத்துக்கு முழுமையாக உண்டு.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் நானா. ஞாயிறு பேப்பரை அவர் படித்து முடித்ததும் எனக்கு அனுப்பிவைப்பார், குறுக்கெழுத்தைத் தனியே வெட்டி எடுத்துக்கொண்டு. நான் விழுந்து கிடந்த நாட்களில் மட்டும் தம் கட்டத்தை ஒரு கொப்பித் தாளில் வரைந்து நிரப்பிக்கொண்டு, அச்சடித்த கட்டத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். அது எவ்வளவு பெரிய தியாகம் என்பது 2022 மார்ச்சை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். காகிதம் வாங்க டொலர் இல்லாமல் பள்ளிக்கூடச் சோதனைகள் தள்ளிப்போயின. உபாலி நிறுவனம் தன் பத்திரிகைகளின் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாமல் நிறுத்தியது. அந்த நாட்களில் அவர் பழைய கட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டவர்.

நானா பேனையால் எழுதுவார். ஒரு கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது. “டீச்சர், ஒண்ட விட்டாலும் எனக்கு நித்திரை வராது” என்பார். அகராதியைப் பிரிப்பார், பேரனைக் கேட்பார், தொலைபேசியில் மச்சானைக் கூப்பிடுவார். திங்கட்கிழமைத் தபாலுக்கு அட்டை போக வேண்டும். நான் பென்சில்காரி. மூன்று சொல் போட்டுவிட்டுத் தாளைத் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவேன். மறுநாள் எடுத்தால் ஒரு சொல் தானாகவே வந்து உட்காரும், நான் தேடவே இல்லை. சில நாள் எதுவும் வராது. அப்போதும் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. வியாழக்கிழமையளவில் மிச்சத்தை மறந்துவிடுவேன். இது நானாவுக்குப் பெரிய குறை. “அரைகுறையா விடுறதெண்டா எதுக்குத் தொடங்கோணும்?” என்று கேட்டார்.

அரைகுறையாக விட்டுவிட முடிவதுதான் அதன் சிறப்பு என்று அவருக்கு விளங்கவைக்க முடியவில்லை. நீண்ட நோய்க்காரருக்கு ஓய்வு வேண்டும் என்கிறார்கள். ஓய்வு அவருக்கு ஏற்கனவே தெவிட்டிப்போன பண்டம். வேலை வேண்டும் என்பார்கள் வேறு சிலர். வேலைக்கு முடிவுநாள் உண்டு, அது உடம்பின் நாளைக் கேட்பதில்லை. அவருக்கு வேண்டியது இந்த இரண்டுமல்ல. தொடங்கலாம், நடுவில் வைத்துவிட்டுப் படுக்கலாம், எழுந்து வந்தால் விட்ட இடத்திலேயே கோபிக்காமல் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருப்பவை உலகில் அதிகம் இல்லை. மனிதர்கள் நிச்சயமாக இல்லை.

புளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கு இதில் பாதி தெரிந்திருந்தது. 1859இல் அவர் எழுதிய தாதியர் குறிப்புகள் நூலில் மாற்றத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஒரே சுவர், ஒரே கூரை, ஒரே கட்டில்கால் என்று பார்த்துக் கிடப்பவரின் நரம்பு படும் பாட்டைச் சுகதேகிகள் அறியமாட்டார்கள் என்கிறார். நிறமும் வடிவமும் மனத்தை மட்டுமல்ல, உடம்பையும் தேற்றும் என்கிறார். தமக்கு ஒருவர் அனுப்பிய காட்டுப்பூக் கொத்து வந்த நேரத்திலிருந்து தாம் விரைவாகத் தேறியதைச் சொல்கிறார். கைக்குச் சின்னதாக ஒரு தையலோ எழுத்தோ இருந்தால் நோயாளியின் நினைப்பு ஒரே இடத்தில் சுற்றாது என்பதும் அவர் கருத்து. கிரிமியாவிலிருந்து திரும்பியபின் பல ஆண்டுகளைக் கட்டிலிலும் சாய்மணையிலுமாகக் கழித்தவர் அவர். அனுபவத்தில் எழுதியது என்று பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

அமெரிக்காவில் ஜோர்ஜ் பார்ட்டன் என்று ஒரு கட்டடக் கலைஞர். காசநோய், கால் அறுவை, இடது பக்கம் வாதம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து தம்மைத் தாமே எழுப்பிக்கொண்டார். 1917 மார்ச்சில் கிளிப்டன் ஸ்பிரிங்ஸில் உள்ள தம் வீட்டில் சிலரைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். தொழில்வழிச் சிகிச்சை என்று இன்று ஆஸ்பத்திரிகளில் இருக்கும் துறை அங்கிருந்து வளர்ந்தது. நல்ல காரியம். ஆனால் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. பொழுதுபோக்கு மருந்துச் சீட்டில் ஏறிய நிமிடம் அது வீட்டுப்பாடமாகிவிடுகிறது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நினைவு மங்கத் தொடங்கிய 107 பேரை 78 வாரம் கவனித்து, கணினி மூளைப்பயிற்சி விளையாட்டுகளைவிடக் குறுக்கெழுத்து நல்லது என்று கண்டது. அதற்குப் பிறகு என் வயதுக்காரர் யாரைச் சந்தித்தாலும், “மூளைக்கு நல்லதாமே” என்கிறார்கள். முருங்கையிலை கண்ணுக்கு நல்லது என்ற அதே தொனியில். நல்லதற்காக யாராவது விடுகதை போட்டதுண்டா?

பணம் நுழைந்தாலும் இதே கதிதான். வாசன் காலத்து ஆனந்த விகடன் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் நடத்தி விற்பனையை ஏற்றிக்கொண்டது பழைய கதை. இந்தியாவில் இது பெரும் சூதாட்டமாகவே வளர்ந்தது. ஆளுக்குப் பல படிவம் வாங்கி, பல விடை எழுதி, கட்டணத்தோடு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். 1955இல் பரிசுப் போட்டிகளுக்கென்றே அங்கே ஒரு சட்டம் வந்தது. மாதத்துக்கு 1000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு கூடாது என்றது. ஆர்.எம்.டி. சமார்பாக்வாலா என்ற போட்டி நடத்துநர் உச்சநீதிமன்றம் வரை போனார். அதிர்ஷ்டத்தில் ஓடும் போட்டி வியாபாரம் ஆகாது, சூதுதான் என்று 1957இல் நீதிபதிகள் சொன்னார்கள். இப்போது பணத்தின் இடத்தில் கைபேசி இருக்கிறது. தினமும் ஒரு சொல் கண்டுபிடி, விட்டுவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று எச்சரிக்கிறது. மகள் என் கைபேசியில் அப்படி ஒன்றைப் போட்டுத் தந்தாள். மூட்டு வலியோடு கிடப்பவளுக்குக் காலையில் வரவு பதியும் கங்காணி எதற்கு? எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

கங்காணி என்று கை தானாக எழுதிவிட்டது. எழுதிய பிறகு தோட்டத்துப் பக்கம் பார்க்காமல் இருக்க முடியாது.

நான் பிறந்தது எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். அங்கே நோய்க்கும் வேலைக்கும் நடுவில் தேறுகிற காலம் என்று ஒன்று கிடையாது. காய்ச்சல் என்றால் டிஸ்பென்சரி. காய்ச்சல் விட்டால் பிரட்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. முழுப்பேர் விழுமளவுக்கு எடுக்க முடிந்தவள் சுகமானவள், முடியாதவள் நோயாளி. உடம்பின் நிலையை நிறுத்துச் சொன்னது தராசுதான். அம்மா தன் வாழ்நாளில் ஒரு பின்னேரமாவது சும்மா உட்கார்ந்து தேறியதாக எனக்கு நினைவில்லை. இஸ்தோப்பில் சாக்கு விரித்துப் படுத்திருந்தாள் என்றால் சாகக் கிடக்கிறாள் என்று பொருள்.

இது எங்கள் தோட்டத்து வழக்கம் மட்டுமல்ல. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தவர்களில் வாந்திபேதி கண்டவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள். கூட்டம் நிற்காது. வந்து சேர்ந்தவர்கள் முதலில் கும்பிட்டது மாரியை, அம்மை இறக்குபவளை. மாத்தளை முத்துமாரியம்மனின் மாசி மகத் தேர் ஐந்தும் இன்று ஊரே பார்க்கும் விழா. தீச்சட்டி ஏந்துபவர்களில் பாதிப்பேர் யாரோ ஒருவரின் உடம்புக்காக நேர்ந்தவர்கள்தான். 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய மலையக மக்களின் நினைவு நடை ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் வந்து முடிந்தபோது நானும் வீதியோரத்தில் நின்றேன். கால் வீங்கியவர்கள் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தோம். அந்த உட்காரல் முதல் நடையில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சிங்களக் கிராமங்களுக்கும் இது புதிதல்ல. 1934–35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் போனார்கள். நிவாரணத்துக்குப் போன, பின்னாளில் சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்கள் கண்டது, கொயினா இருந்தும் ஆட்கள் எழும்பவில்லை என்பதைத்தான். தேறுவதற்கு உடம்பில் சோறு இல்லை. மார்மைட்டை உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள், பருப்புப் பங்கிட்டார்கள். அவர்களில் ஒருவரான என்.எம். பெரேராவுக்கு ‘பரிப்பு மகாத்தயா’, பருப்பு ஐயா, என்று பெயர் விழுந்ததே அதனால்தான். காய்ச்சலை இறக்குவது ஒரு வேலை, ஆளை எழுப்புவது வேறு வேலை என்பதை அரசாங்கத்துக்கு முன்னால் அவர்கள் கண்டுகொண்டார்கள்.

அம்மாவுக்குப் பொழுதுபோக்கு இருந்ததா என்று யோசித்திருக்கிறேன். லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி கீரை, அது வயிற்றுக்கு. கோழி, அது காசுக்கு. ஆனால் உடம்பு முடியாத இரவுகளில் அவள் சண்முக கவசம் சொல்வாள். பாம்பன் சுவாமிகள் 1891இல் பாடியது. 30 பாடல். அகரத்தில் தொடங்கும் முதல் பாட்டு, ஆகாரத்தில் இரண்டாவது, இப்படியே உயிர் பன்னிரண்டும் மெய் வரிசை பதினெட்டும். எழுத்து வரிசையில் நடந்துகொண்டே தலை, கண், கை, கால் என்று உடம்பை ஒப்படைத்துக்கொண்டு போகும் பாட்டு. சொல்லின் முதலில் வராது என்று இலக்கணம் விலக்கிய எழுத்துகளுக்கும் அதில் ஆளுக்கொரு பாட்டு உண்டு. அம்மா பள்ளிக்கூடம் பார்த்தது கொஞ்சம். அகர வரிசை அவளுக்கு வந்தது இந்தக் கவசத்தால்தான். ஒரு பாட்டு மறந்துபோனால் எழுத்தைப் பிடித்து யோசிப்பாள். “ஞானா வந்திருச்சி, அடுத்தது டானா...” கடைசி எழுத்தைப் பிடித்து அடுத்ததைத் தேடுவது. வலியை அவள் அப்படித்தான் கடந்தாள். பக்தி என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். பக்தியும்தான்.

பாம்பன் சுவாமிகள் எழுத்து விளையாட்டில் சூரர். சதுரங்க பந்தம் போன்ற சித்திரக்கவிகள் பாடியவர். கட்டம் போட்டு எழுத்தை நிறுத்தும் அந்தக் கலை தமிழில் பழையது. சுழிகுளம் என்று ஒன்று உண்டு: அடிக்கு எட்டெழுத்தாக நான்கு அடி. நேராகப் படித்தாலும், வெளியிலிருந்து சுழன்று உள்ளே போனாலும் அதே பாட்டு வர வேண்டும். ஆர்தர் வின்னுக்குப் பல நூறு ஆண்டு முந்திய கட்டம். புலவர்கள் அதைத் திறமை காட்டும் வித்தையாக வைத்துக்கொண்டார்கள். 1923 டிசம்பர் 27 அன்று சென்னைத் தம்புச் செட்டித் தெருவில் குதிரை வண்டிச் சக்கரம் ஏறிச் சுவாமிகளின் இடது கால் முறிந்தது. எழுபதைத் தாண்டிய உடம்பு. பொது மருத்துவமனையில் கிடத்தினார்கள். இனிக் கூடாது என்று வைத்தியர்கள் கைவிரித்த கால் கூடியது. சீடர்கள் அவர் பாடிய கவசத்தையே அவருக்காகச் சொன்னார்கள். அவர் மயில் கண்டார் என்று ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். மயிலைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. தான் கோத்த எழுத்து வரிசையைத் தன் உடம்பின்மேல் பிறர் வாசிக்கக் கேட்டுக்கொண்டு ஒரு மனிதர் கட்டிலில் கிடந்தாரே, அந்தக் கிடப்பு எனக்குப் புரிகிறது.

ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு கழித்து இங்கிலாந்தில் ஒருவர் இதைத் தலைகீழாகச் செய்தார். ‘அரௌகேரியா’ என்ற புனைபெயரில் கார்டியன் பத்திரிகைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் புதிர் போட்ட ஜோன் கிரஹாம், ஒரு பாதிரியார். 2013 ஜனவரியில் வந்த அவருடைய குறுக்கெழுத்தின் மேல் ஒரு சிறு குறிப்பு: இந்த எண்ணுக்குரிய இடத்தில் தமக்கு அந்த எண்ணுக்குரிய நோய், அதற்கு இன்ன எண்ணுக்குரிய பராமரிப்பு நடக்கிறது என்று. கட்டங்களை நிரப்பியவர்களுக்குத்தான் செய்தி கிடைத்தது. உணவுக்குழாயில் புற்றுநோய். வலி தணிக்கும் பராமரிப்பு மட்டும். அந்த நவம்பரில் 92 வயதில் போய்ச் சேர்ந்தார். தம் நோயைத் தாமே குறிப்பாக்கி, அவிழ்க்கும் வேலையை வாசகரிடம் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நோயாளியைப் பற்றி எல்லோரும் எல்லாம் தெரிந்ததுபோல் பேசும் வீட்டில், தானே கட்டம் போடுவது ஒரு சின்ன அதிகாரம்.

நானாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எல்லாரும் முழுசா நிரப்பினாங்களாமா?” என்று கேட்டார்.

என் விரல்கள் ஓரளவு மடங்கத் தொடங்கிய நாட்களில் சித்தி மகள் பார்க்க வந்தாள். இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறாள், கொழுந்து எடுக்கிறாள். அவளுக்கும் இதே காய்ச்சல் வந்துபோயிருந்தது. காய்ச்சல் விட்ட மறுநாளே மலைக்குப் போய்விட்டாள். கை எப்படி என்று கேட்டேன். “அது கெடக்குதுக்கா, வெயிலு ஏறினா சரியாயிரும்” என்றாள். என் முன்னால் கிடந்த கட்டத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள், இதற்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டாள். எல்லாம் சரியாக எழுதி, அதிலும் குலுக்கலில் பெயர் வந்தால் கொஞ்சம் கிடைக்கும் என்றேன். அவள் முகத்தில் என்மேல் ஒரு பரிதாபம் தெரிந்தது.

ஒரு குறிப்பை வாசித்துக் காட்டினேன். கொழுந்து பறிப்பவர் முதுகில் சுமப்பது, மேலிருந்து கீழ்.

“சாக்கு” என்றாள் உடனே.

“ரெண்டு எழுத்துத்தான் வரணும். கூடை.”

“கூடையா? இப்ப யாருக்கா கூடை தூக்குறா? எல்லாம் சாக்குத்தான். எங்க தோட்டத்துல கூடை போய் எவ்வளவோ காலம்.”

“கட்டம் ரெண்டுதான் இருக்கு, பாரு.”

“அப்ப கட்டம் போட்டவருகிட்டச் சொல்லுங்க” என்று தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். கோப்பையை அவள் பிடித்திருந்தது இரண்டு கையாலும்.

நான் கூடை என்றே எழுதினேன். அடுத்த ஞாயிறு வந்த விடையிலும் கூடைதான்.